எந்தக் கழகத்திற் சேரலாம்?

விளையாட்டுக் கழகம் ஒன்றிலே சேர்வதைப் பற்றி இலக்கியப் பகுதியிலே எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அதுவும் கோல்ப் விளையாட்டு! நம்மவருட் பெரும்பாலோர் அதனைப் புகையிரத யன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கொழும்பிலிருந்து களனிவெளிப் பாதையிலே செல்லும் புகையிரதம் பொரளையை அடுத்துள்ள கோல்ப் திடலை ஊடறுத்துக்கொண்டு போகின்றது. பசும் புற்றரை, ஒரு கொடிக்கம்பம், தடியூன்றி நிற்கும் இரண்டொருவர் ஆகிய காட்சிகள் சில கணங்களிலே மறைந்துவிடும். பார்த்தவர் மீண்டும் தம் பத்திரிகையை விரித்துக்கொள்வார்.

எனினும், ஒரு மனிதன் எந்த வாயிலின் முன்னே நின்று தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்கின்றான் என்பது அவனுடைய உள்ளத்தை நன்கு காட்டும் செய்தியாகும். அச்செய்தி இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. ஆகையால் துணிந்து எழுதுகின்றேன்.

இக்கேள்வியை என்னிடம் கேட்டவர் முன்னொருகால் என் வகுப்பிலே பயின்றவர். இன்று கொழும்பிலே ஒரு நிறுவனத்திற் கணக்காளராக இருக்கின்றார். "ஐயா, எங்கள் மேலதிகாரிகள் எல்லாரும் கோல்ப் ஆடுகின்றார்கள். நானும் பழகி வருகின்றேன். பெயர் பெற்ற கழகத்திற் சேர்வதா, வசதியான கழகத்திற் சேர்வதா? உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று எழுதியிருந்தார். மலைநாட்டிலே ஆசிரியப் பணி புரிந்த காலத்திலே அவ்விளையாட்டை நான் ஓரளவு பழகிக்கொண்டவன் என்பதை அவர் அறிவார். அவருக்கு எழுதிய விடை நீண்டுவிட்டது. அது பிறர்க்கும் பயன்படலாம் என்று தோன்றியதால், அதன் சாரத்தை இங்கே தருகின்றேன்.

கழகத்தைத் தெரிவதற்கு முன்னர் விளையாட்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கோல்ப் ஆட்டத்திலே 18 குழிகள் உள. ஒவ்வொரு குழியின் விட்டமும் 4.25 அங்குலம். நூற்றுக்கணக்கான யார் தூரத்திலிருந்து சிறிய பந்தொன்றை அடித்து அடித்துக் கொண்டுவந்து அக்குழியில் விழுத்துதல் வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவர் வென்றவராவர். ஆட்டத்தின் இலக்கணம் இவ்வளவுதான்.

ஆனால், இதனை ஏனைய விளையாட்டுக்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்பொன்று உண்டு. சாதாரணமாக இங்கே நடுவர் கூடவே வருவதில்லை. உதைபந்தாட்டத்திலே ஊதுகுழலோடு ஒருவர் ஓடி வருகின்றார். துடுப்பாட்டத்திலே இருவர் நிற்கின்றனர். கோல்ப் ஆடுபவனோ தன் அடிகளைத் தானே எண்ணுகின்றான். தான் செய்த தவறுக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்கின்றான். பற்றைக்குள்ளே தனியே நின்று அடிக்க ஆயத்தமாகும்போது தன் செயலாற் பந்து சற்று அசைந்துவிட்டால், அதனை அறிந்தவன் அவன் ஒருவனே. அறிந்தவன் ஓர் அடியைக் கூட்டிச் சொல்லுதல் வேண்டும்.

1925ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பகிரங்கப் போட்டி வூஸ்டர் நகரிலே நடைபெற்றது. அதிலே பொபி ஜோன்ஸ் என்னும் பெரும் ஆட்டக்காரர், புல்லிடையே கிடந்த தம் பந்து அசைந்ததென்று கூறித் தமக்குத் தாமே ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டார். வேறெவரும் அதனைக் கண்டிலர். ஈற்றிலே அவரும் இன்னொருவரும் சமமாக நின்றனர். மறு ஆட்டத்திலே ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியை அவர் சொல்லாது விட்டிருந்தால், மறு ஆட்டத்துக்கே இடமிராது, வெற்றி அவருடையதாகியிருக்கும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. வல்லவனும் வல்லமை குறைந்தவனும் சேர்ந்து ஆடுவதற்காகக் குறைந்தவனுக்குச் சில சலுகை அடிகள் கொடுக்கப்படும். முன்னர் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த இம்முறை, 2020ஆம் ஆண்டிலே உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே முறையாக்கப்பட்டது. ஆகவே, முதல் நாட் பழகியவனும் முப்பது ஆண்டு ஆடியவனும் மெய்யான போட்டியிலே நேருக்கு நேர் நிற்கலாம். நம்பிக்கை ஒரு கால், சமத்துவம் மறு கால் என்று நிற்கும் விளையாட்டு இது.

இனித்தான் சிக்கல் தொடங்குகின்றது. அடிக்கணக்குப் போட்டிகளிலே ஒருவருடைய கணக்கை உடன் ஆடும் இன்னொருவர் அட்டையிற் குறித்து, முடிவிலே அது சரியென்று சான்று பகர்தல் வேண்டும். என் மாணாக்கர் தம் மேலதிகாரியோடு ஆடப் போகின்றார். ஒரு குழியிலே மேலதிகாரி ஏழு அடிகள் அடிக்கின்றார். பின்னர் புன்னகையோடு திரும்பி, "ஆறு" என்கின்றார். அட்டையும் பென்சிலும் என் மாணாக்கர் கையில். அவர் என்ன எழுதுவார்?

அட்டையிலே ஆறு என்று எழுதினால், அன்றைய நாள் இனிதே கழியும். வருட இறுதியிலே சம்பள உயர்வும் கிடைக்கலாம். ஏழு என்று எழுதினால் என்னவாகுமென்று நான் சொல்லத் தேவையில்லை. அது மட்டுமன்று. குழிக்கு இரண்டடி தூரத்திலே கிடக்கும் தம் பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு மேலதிகாரியை வெல்ல விடும் உத்தியோகத்தர்களும் உளர். அதனை அவர்கள் மரியாதை என்று அழைப்பர். தன்னைத் தானே எண்ணுவதற்கென்று அமைந்த விளையாட்டு, அங்கே பிறரைப் பார்த்து எண்ணும் விளையாட்டாகிவிடுகின்றது.

ஆகவே, பெயர் பெற்ற கழகமா வசதியான கழகமா என்ற கேள்விக்கு என்னுடைய விடை இதுவே: ஏழடியை ஏழடி என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய கழகத்திற் சேருங்கள். ஏனைய தகுதிகள் யாவும் இதற்குப் பின்னர் வருவன.

அத்தகைய கழகத்தை எவ்வாறு இனங்காண்பது? முதலில் அதன் வாயிலைப் பாருங்கள். இவ்விளையாட்டின் வரலாற்றிலே ஒரு முரண்பாடு நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆட்டத்தின் விதியோ சமத்துவம். கழகங்களின் விதியோ தடுப்பு. 1744ஆம் ஆண்டிலே எடின்பரோவைச் சேர்ந்த ஆட்டக்காரர் 13 விதிகளை முதன்முதலாக எழுதி வைத்தனர். அவர்கள் வழிவந்த மியூர்பீல்ட் கழகம், பெண்களை அங்கத்தவராகச் சேர்ப்பதற்கு 2017ஆம் ஆண்டு வரை உடன்படவில்லை. முந்திய ஆண்டிலே நடந்த வாக்கெடுப்பில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை. பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை நடத்தும் உரிமை அக்கழகத்துக்கு இனி இல்லையென்று அறிவிக்கப்பட்ட பின்னரே மறு வாக்கெடுப்பிலே கதவு திறந்தது. சென் அன்ட்ரூஸ் நகரத்து ரோயல் அன்ட் ஏன்சியன்ட் கழகம் 2014ஆம் ஆண்டிலே பெண்களைச் சேர்க்க இசைந்தது. அமெரிக்காவிலே தொழில்முறை ஆட்டக்காரரின் சங்கம் வெள்ளையர் மட்டுமே அங்கத்தவராகலாம் என்னும் விதியை 1934ஆம் ஆண்டிலே எழுதி, 1961ஆம் ஆண்டு வரை வைத்திருந்தது. ஓகஸ்டா கழகம் கறுப்பினத்தவர் ஒருவரை 1990ஆம் ஆண்டிலும், பெண்களை 2012ஆம் ஆண்டிலுமே முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது.

இவற்றைப் பழங்கதையென்று தள்ளிவிடலாகாது. வாயில் எவ்வளவு ஒடுங்கியதோ, அவ்வளவுக்கு உள்ளே நுழைந்தவன் தன்னை நுழைய விட்டவர்களுக்குக் கடன்பட்டவனாகின்றான். முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் ஒருவர், கண்ணசைத்து ஏற்றுக்கொண்ட சபையார் பலர். இத்தனை பேருடைய தயவினால் உள்ளே வந்தவன் எவருடைய அட்டையில் ஏழு என்று எழுதுவான்?

இதற்கு மாறான முன்மாதிரியும் அந்த ஸ்கொத்லாந்திலேயே இருக்கின்றது. சென் அன்ட்ரூஸ் நகரத்துத் திடல்கள் எந்தக் கழகத்துக்கும் சொந்தமானவையல்ல. இடையிலே தனியார் கைக்குப் போன அந்நிலத்தை 1894ஆம் ஆண்டிலே நகரசபை மீட்டெடுத்தது. 1974ஆம் ஆண்டு தொடக்கம், பாராளுமன்றச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பு நிலையமொன்று அதனைப் பொதுமக்களுக்காகப் பராமரிக்கின்றது. பழைய திடலிலே ஆட விரும்பும் வெளியூரவர் சீட்டுக் குலுக்கலிற் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலே அங்கே வழக்கமாக ஆட்டமில்லை. ஊரவர் நாயோடும் பிள்ளைகளோடும் உலாவுவர். அவ்வூரிலே கழகங்கள் பல உண்டு. ஆனால், அங்கே ஒருவன் கழகத்திற் சேர்வது நண்பர் கூட்டத்துக்காக; நிலம் ஏற்கனவே எல்லாருக்கும் உரியது. நிலத்தையும் கூட்டத்தையும் இவ்வாறு வேறுபடுத்திப் பார்ப்பதே தெளிவான வழி.

நம் நாட்டின் நிலை வேறு. கொழும்புக் கழகம் 1879ஆம் ஆண்டிலே தோன்றிக் காலிமுகத்திடலில் ஆடத் தொடங்கியது. 1896ஆம் ஆண்டிலே இன்றைய பொரளைத் திடலுக்கு இடம்பெயர்ந்து, 1928ஆம் ஆண்டிலே 'ரோயல்' என்னும் பட்டமும் பெற்றது. நுவரெலியாக் கழகம் 1889ஆம் ஆண்டிலே பிறந்தது. ஆங்கிலத் துரைமார் தம் நாட்டு நினைவைத் தணித்துக்கொள்வதற்காக ஏற்படுத்திய இடங்கள் அவை. பின்னர், 1999ஆம் ஆண்டிலே திகணைக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலும், 2016ஆம் ஆண்டிலே அம்பாந்தோட்டைக் கடற்கரையிலும் புதிய திடல்கள் உண்டாயின. பலரும் அறிந்த 18 குழித் திடல்கள் இந்நான்குமே. தெரிவு செய்வதற்கு அதிகம் இல்லை. ஆகையினாலே தெரிவிற் கவனம் அதிகம் வேண்டும்.

இயற்கையழகை மட்டும் நோக்கினால், நான் நுவரெலியாவுக்கே முதலிடம் கொடுப்பேன். ஆறாயிரம் அடி உயரத்திலே, மூடுபனி மெல்ல விலகும் காலைப்பொழுதில், உயர்ந்த மரங்களுக்கிடையே பந்து பறந்து செல்லும் காட்சி கண்ணைவிட்டு அகலாது. ஆயினும், கொழும்பிலே குடியிருப்பவர் அங்கே அங்கத்தவராகி ஆண்டுக்கு இருமுறை போய் வருவாரானால், அவர் வாங்கியது விளையாட்டன்று. பெயரட்டையிலே அச்சிடுவதற்கு ஒரு வரி. 18 குழிகளை ஆடி முடிக்க ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் செல்லும். போக்குவரத்துக்கு அதைவிட அதிக நேரம் செல்லுமானால், அது அவருக்குரிய கழகமன்று. தொலைவிலுள்ள திடல்களிலே விருந்தினராகக் கட்டணம் செலுத்தி ஆடும் வசதி உண்டு. அங்ஙனம் ஆடுபவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர் என்பது கூடுதல் நன்மை.

அடுத்து, பணம். நுழைவுக் கட்டணமும் மாதச் சந்தாவும் சம்பளத்திலே எத்தனை பங்கென்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளின் படிப்பைச் சுருக்கிக் கழகத்துக்குச் செலவிடுபவர், அச்செலவுக்கு ஈடாக ஏதாவது பெற்றே தீரவேண்டும் என்னும் நெருக்கடிக்கு ஆளாவார். அந்நெருக்கடியிலே பென்சில் தானாகவே ஆறு என்று எழுதும்.

மூன்றாவதாக, பை சுமப்போரை அக்கழகம் எவ்வாறு நடத்துகின்றதென்று பாருங்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றார்களா, கைதட்டி அழைக்கின்றார்களா? அவர்களுடைய பிள்ளைகளுக்கு அப்புற்றரையிலே ஒரு தடியைப் பிடித்துப் பழக இடமுண்டா? அமெரிக்காவிலே புரூக்லைன் என்னும் ஊரிலே, கோல்ப் கழகத்துக்கு எதிர் வீட்டிலே வாழ்ந்த எளிய குடும்பத்துப் பையன் ஒருவன், பை சுமந்தே ஆட்டத்தைக் கற்றான். பிரான்சிஸ் வீமெற் என்பது அவன் பெயர். 1913ஆம் ஆண்டிலே, தன் இருபதாவது வயதிலே, இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் இருவரையும் அதே திடலில் வென்று அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் கிண்ணத்தைக் கைப்பற்றினான். அன்று அவனுடைய பையைச் சுமந்தவன் பத்து வயதுச் சிறுவன். எதிர் வீட்டுப் பையனுக்கு இடங்கொடாத கழகம், தன் புகழையே வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றதென்பது என் கருத்து.

"இவையெல்லாம் கேட்பதற்கு நன்று, ஆனால், கொழும்பிலே நாலு பேருடைய அறிமுகமில்லாமல் நம்மவர் முன்னேற முடியுமா?" என்று கேட்பவர் உளர். இதனை நான் அற்பமான கேள்வியென்று ஒதுக்கவில்லை. சொந்த ஊரைவிட்டு வந்து, பிற மொழியார் நடுவே உத்தியோகம் பார்ப்பவனுக்கு அறிமுகம் என்பது குடையைப் போன்றது. தொழிலுக்காகக் கழகத்திற் சேர்வதும் குற்றமன்று. அதனைத் தனக்குத்தானே மறையாதிருத்தல் போதும். ஆனால், ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். பொய்யட்டையிலே தம் கீழ் உத்தியோகத்தரின் கையொப்பத்தை விரும்பும் மேலதிகாரி, நாளை நிறுவனத்தின் கணக்கேட்டிலும் அதே கையொப்பத்தை விரும்பமாட்டார் என்பதற்கு உறுதி என்ன? கணக்காளர் ஒருவருக்கு இதைவிட விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. மாறாக, ஏழு என்று எழுதிய அட்டையைப் பார்த்து மதிக்கும் மேலதிகாரியும் இருக்கலாம். அவருடைய அறிமுகமே அறிமுகம். அது அவர் ஓய்வு பெற்ற பின்னரும் நிலைக்கும்.

இந்த அளவுகோலைக் கோல்ப் திடலுக்கு மாத்திரம் உரியதென்று நான் கருதவில்லை. ஆசிரியர் சங்கங்களிலும் இலக்கிய வட்டங்களிலும் இருக்கும் நமக்கும் அட்டையும் பென்சிலும் உண்டு. தலைவர் எழுதிய நூலுக்கு வெளியீட்டு விழா எடுக்கின்றோம். ஏழடி அடித்த நூலுக்கு ஆறடியென்று மேடையிலே சான்று பகர்கின்றோம். அடுத்த மாதம் நம் நூலுக்கு அவர் அவ்வாறே செய்வார் என்று எதிர்பார்க்கின்றோம். இருவருடைய அட்டையும் அழகாக இருக்கும். ஆட்டம் மட்டும் வளர்வதில்லை.

எந்தக் கழகமாயினும் வாயிலிலே நம்மிடம் கேட்கும் கேள்விகள் பல: உத்தியோகம் என்ன, வருமானம் என்ன, முன்மொழிபவர் யார்? விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னர் நாமும் கழகத்திடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டல் தகும். "மெய்யான எண்ணைச் சொன்னவன் உங்கள் நடுவே அடுத்த வாரமும் ஆட முடியுமா?" என்பதே அக்கேள்வி. ஆம் என்று சொல்லும் இடம் சிறியதாயினும், புல் மங்கியதாயினும், அங்கே சேருங்கள்.