கிழக்குக்கு ஒரு போர் நூதனசாலை வேண்டும்

வென்ற படை அமைக்கும் போர் நூதனசாலைகளுக்கு எமது நாட்டிற் குறைவில்லை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இராணுவ நூதனசாலை இருக்கிறது. ஆனையிறவில், 1991 ஜூலை 14 இல் கோப்ரல் காமினி குலரத்ன உயிரைக் கொடுத்துத் தடுத்து நிறுத்திய கவச புல்டோசர் ஏ-9 வீதியோரத்தில் நிற்கிறது. ஆனால், போரை அனுபவித்த மூவினத்தாரின் இழப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் நூதனசாலை ஒன்றைக் கிழக்கு மாகாணத்தில் நான் கண்டதில்லை. அப்படியொன்று ஏன் வேண்டும் என்பதே இப்பத்தியின் பொருள்.

அண்மையில் ஒருநாள் சுபஹுத் தொழுகையின் பின் சாய்ந்தமருதிலிருந்து தனியாக மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டேன். சம்மாந்துறை, அம்பாறை, உகன, மகாஓயா ஊடாகச் செங்கலடியை அடைந்து, அங்கிருந்து மட்டக்களப்பு, கல்முனை வழியாக வீடு திரும்பும் வட்டப் பாதை அது. ஏறத்தாழ 200 கிலோமீற்றர். மகாஓயா வீதியிலுள்ள அரந்தலாவ நினைவு நூதனசாலையைப் பார்ப்பதே நோக்கம்.

1987 ஜூன் 2 ஆம் திகதி, அம்பாறையிலிருந்து களனிக்கு யாத்திரை சென்ற பிக்குகளின் பஸ்ஸை விடுதலைப் புலிகள் அவ்விடத்தில் மறித்து, 33 பிக்குகளைக் கொன்றனர். இறந்தோரிற் பெரும்பாலோர் சாமணேரர்கள், அதாவது சிறுவர்கள். இன்று அங்கே ஒரு பஸ் நிற்கிறது. அதனுள் ஆளளவு உருவங்கள் மூலம் அந்தக் கொலைக்காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் எந்த இனத்தவராயினும் நெஞ்சு நடுங்காமல் இறங்கி வரமுடியாது. இப்படியொரு நினைவிடம் அங்கே இருக்கவேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கவலை வேறு. அந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போகும் சிங்களப் பிள்ளைக்கு அத்துடன் போரின் கதை முடிந்துவிடுகிறது. எமது கரையோரப் பிள்ளைகளுக்கோ அந்தக் கதை தொடங்குவதே இல்லை. சாய்ந்தமருதிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய இடம் அது. எமது பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று அங்கே நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வட்டப் பாதையிலும் அதன் ஓரங்களிலும் 1990 இல் நடந்தவற்றைத் திகதி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஜூனில், மேலிடத்து உத்தரவுப்படி சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றனர். கல்முனை நிலையத்துப் பொலிஸாரும் அவர்களுள் அடங்குவர். ஜூலையில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டனர். செப்டெம்பர் 5 இல், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டு சென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9 இல், சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக 180 க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். இராணுவமே அதைச் செய்தது என்பது தப்பியவரின் சாட்சியம்.

இடையில் ஒரு திகதியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஆகஸ்ட் 12. அன்றைய பொழுது விடியுமுன் ஏறாவூரிலே, உறங்கிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்ட் 12 இல், எமது ஊருக்குச் சில கிலோமீற்றர் மேற்கேயுள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் பங்கு மனித உரிமை அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. இன்றும் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இரண்டு நினைவேந்தல்கள் நடக்கின்றன. ஏறாவூரின் துஆவில் வீரமுனை இல்லை. வீரமுனையின் தீபத்தில் ஏறாவூர் இல்லை.

அந்நாட்களில் எனக்கு வயது பதினெட்டு. ஏறாவூரைப் பற்றி எமது ஊரில் இரவு பகலாகப் பேசினார்கள். வீரமுனையைப் பற்றி மெதுவாகக்கூட எவரும் பேசவில்லை. காரைதீவில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

"ஆறிய புண்ணை ஏன் கிளறுகிறீர்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். புண் ஆறியிருந்தால் பல்லாண்டுகளாகத் தீராத கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிணக்கு இவ்வளவு கசந்திருக்குமா? எல்லைக்கோடு பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் 1990 க்குப் போய்விடுகிறது. ஒவ்வொருவரும் தம்மவர் பட்டதை மட்டுமே சொல்ல, மற்றவர் எழுந்து போகிறார். போர் முடிந்த 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகளும் இந்த அரைக் கதைகளையே முகநூலிற் சுமந்து திரிகிறார்கள்.

இதை அரசு செய்யும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதையும், எதிர்ப்பின் பின் அது மீண்டும் கட்டப்பட்டதையும் அறிவோம். டாக்காவிலுள்ள விடுதலைப் போர் நூதனசாலையை 1996 இல் தொடங்கியவர்கள் குடிமக்கள். ஒரு வாடகை வீட்டில், மக்கள் தந்த பொருட்களையும் பணத்தையும் கொண்டு தொடங்கினார்கள். 2017 இல் அது பெரிய கட்டடத்துக்கு இடம் மாறியது. எமது நாட்டிலேயே 2012–13 காலத்தில் 'ஹெர்ஸ்டோரீஸ்' என்ற திட்டம் வடக்கிலும் தெற்கிலுமுள்ள தாய்மாரின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் கைப்படவே எழுதவைத்துச் சேகரித்தது. முடியாத காரியம் அன்று.

நான் கேட்கும் நூதனசாலையில் துப்பாக்கி வேண்டாம். இறந்தவரின் பெயர், வயது, ஊர், வீட்டார் தர விரும்பும் ஒரு பொருள் ஆகியவை மூன்று மொழியிலும் இருந்தாற் போதும். இன வாரியாக அறைகள் வேண்டாம். திகதி வாரியாக இருக்கட்டும். அப்போதுதான் ஆகஸ்ட் 12 க்கு ஒரே ஒரு சுவர் இருக்கும். எண்ணிக்கையில் இணக்கமில்லாத இடத்தில் உள்ளபடியே எழுதிவைக்கலாம். காத்தான்குடியில் ஊரார் நினைவுகூரும் எண்ணிக்கை 103. வேறு பதிவுகள் 140 ஐத் தாண்டுகின்றன. கொன்றவர் யார் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். அது புலிகளாயினும், படையினராயினும், எம்மவராயினும் சரியே.

இன்னுமொரு நிபந்தனை. ஓர் ஊரின் இழப்பை அவ்வூரார் விளக்கவேண்டாம். மீரா ஜும்ஆப் பள்ளிவாசற் சுவரிலுள்ள சன்னத் துளைகளைப் பற்றி ஆரையம்பதித் தமிழ் ஆசிரியர் ஒருவர் சொல்லட்டும். சத்துருக்கொண்டானை உகனச் சிங்கள இளைஞர் சொல்லட்டும். அரந்தலாவச் சிறுவர்களைப் பற்றி மருதமுனை மாணவி பேசட்டும். வீரமுனையைப் பற்றிச் சொல்ல எமது சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் போகவேண்டும்.

கடைசியாகச் சொன்னதே மிகக் கடினமானது என்பதை அறிவேன். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயிற் பரிபாலன சபைகளும் விகாரைகளும் ஒரு மேசையில் அமரவேண்டும். 1990 ஐக் கண்ணாற் கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. கட்டடம் பின்னர் வரட்டும். பெயர்களை எழுதும் கொப்பியை இப்போதே திறக்கலாம்.