ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "இப்ப என்ன அவசரம்? லீவுக்கு ஊருக்குப் போறப்போ பார்த்துக்கலாம்." பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது முதல் பையனுக்குப் பெண் பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் இது சரி. பல்லுக்கு மட்டும் சரிவராது என்பது என் அபிப்பிராயம். அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதை நான் முதலில் கவனித்தபோது எனக்கு நாற்பது வயதிருக்கும். கொல்கத்தா டாக்டரிடம் போய் அரைகுறை வங்காளியில் விளக்குவானேன், கும்பகோணத்தில் தெரிந்த டாக்டர் இருக்கிறாரே என்று தள்ளிப்போட்டேன். ஊருக்குப் போனால் இருபது நாள் லீவில் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், குலதெய்வம் கோயில், மறுபடி ஹவுரா மெயில். இப்படியே ஏழெட்டுக் கோடைகள் போயின. ஒரு கோகுலாஷ்டமிக்குச் சீடை கடிக்கும்போது கீழ்வரிசை முன்பல் ஆடியது. கடைசியில் மூன்று பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. பற்கள் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பிடித்திருந்த எலும்புதான் கரைந்துபோயிருந்தது.

பல்லின்மேல் படியும் வழவழப்பான படலம் முழுக்கக் கிருமிகள். தினமும் ஒழுங்காகத் துலக்கினால் போய்விடும். விட்டுப்போன இடத்தில் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி, சில நாட்களிலேயே கெட்டிப்பட்டுக் காரையாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவதில்லையா, அதுபோல. கீழ் முன்பற்களின் உட்புறம் அதற்கு மிகவும் பிடித்த இடம். நாக்கின் அடியில் அங்கேதான் உமிழ்நீர் சுரந்து வருகிறது. காரையாகிவிட்டால் பிரஷ், வேப்பங்குச்சி, பற்பொடி எதனாலும் பெயர்க்க முடியாது. அதன் சொரசொரப்பில் மேலும் கிருமி சேர்ந்து, ஈறு வீங்கி, பல்லைவிட்டு விலகத் தொடங்குகிறது. வீக்கத்தோடு நிற்கும்போதே சுத்தம் செய்து, பிறகு ஒழுங்காகத் துலக்கிவந்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை, அதுதான் வஞ்சகம்.

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்" என்று என் மாமியாரும் சொன்னார், எதிர் பிளாட் வங்காளி நண்பரும் சொன்னார். தமிழருக்கும் வங்காளிக்கும் இந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை! அந்தக் கருவி அதிர்வாலும் தண்ணீர்ப் பீச்சலாலும் காரையைப் பெயர்க்கிறது, எனாமலைச் சுரண்டி எடுப்பதில்லை. காரை போன இடத்தில் சந்து தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும். ஆட்டம் முன்பே இருந்ததுதான். காரை சிமெண்டுபோலப் பிடித்துக்கொண்டு அதை மறைத்திருந்தது.

எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈறு ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அத்தனை அடிக்கடி தேவைதானா என்று பல் மருத்துவர்களே விவாதிக்கிறார்கள். ஆனால் சர்க்கரை இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரை ஈறு நோயைக் கூட்டும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. ஜர்தா பான் போடும் வழக்கத்தை இங்கே வந்து கற்றுக்கொண்டவர்களும் தங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பிறந்ததே இந்த ஊரில்தான். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ல் தொடங்கி, 1949ல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். இன்று அவர் பெயரிலேயே சியால்டா பக்கம் இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். தனியார் கட்டணத்துக்குப் பயந்து சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எனக்குக் கவலை நம் வீட்டு வயதான பெண்மணிகளைப் பற்றித்தான். என் அம்மா இந்த ஊரில் எங்களோடு இருந்த காலம் முழுவதும் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். கேட்டால் "ஒண்ணுமில்லைடா" என்பாள். ஆபீஸ் போகும் பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம். தனியாகப் போகலாமென்றால் பாஷை தெரியாது. அவள் பல் செட்டுக்கு மாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் சங்கத்தில் கண் முகாம் நடத்துகிறோம், ரத்ததான முகாம் நடத்துகிறோம். பல் முகாமும் வைக்கலாம், ஆனால் டூத்பேஸ்ட் சாம்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதோடு அது முடிந்துவிடும் என்று பயப்படுகிறேன். அதைவிட, வங்காளி பேசத் தெரிந்த நாலைந்து பேர் முறைவைத்து, வேண்டியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போய்வரலாம். செயற்குழு யோசிக்கட்டும். ரிட்டயரான எனக்குக் காலை வேளைகளில் வேலையில்லை. என் பெயரை நூலகப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். துணைக்கு ஆள் வேண்டுவோர் அங்கே சொல்லிவைக்கலாம்.