தவறிக் கிளிக் செய்தவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது

அலுவலகக் கணினியில் ஒரு ஊழியர் போலி மின்னஞ்சலைத் திறந்துவிடுகிறார். அல்லது வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரை நம்பி ஓடிபியைச் சொல்லிவிடுகிறார். பணம் போய்விடுகிறது. அந்தப் பணத்தை மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிப்பது சரியா? முசிறி வட்டாரத்தில் கணினியை நம்பி நடக்கும் சிறு அலுவலகங்களின் உரிமையாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் அலுவலகம், வாழைத்தார் கமிஷன் மண்டி, கோரைப்பாய் வியாபாரம், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை என்று எங்கள் உறுப்பினர்களின் தொழில்கள் பல. இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். பிடிக்கக் கூடாது. தெரிந்தே செய்த கையாடல் வேறு, ஏமாந்துபோனது வேறு.

இந்த முடிவுக்கு இரக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நேரம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்தால் பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செல்கிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைக்கிறார்கள். வேறொரு வங்கிக்கு மாறியிருந்தால் புகாரும் அதன் பின்னாலேயே அந்த வங்கிக்குப் போகிறது. யாராவது ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் துரத்தல் அங்கேயே நின்றுவிடும். வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியாகப் பணத்தைக் கை மாற்றிவிடுவதற்கு மோசடிக்காரர்களுக்கு நிமிடங்கள் போதும்.

இப்போது நம் அலுவலகத்தைப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குத் தவறு நடக்கிறது. முதலாளி சம்பளத்தில் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் அந்த ஊழியர் வந்த மெசேஜை அழிக்கிறார். மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். நகையை அடகு வைத்துத் தொகையைக் கட்டிவிடலாமா என்று வீட்டுக்குப் போன் செய்து கேட்கிறார். சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில்தான் வாயைத் திறக்கிறார். அதற்குள் பணம் எங்கேயோ போய்விட்டது, ஆதாரமாக இருந்த மெசேஜும் இல்லை. அந்த ஏழெட்டு மணி நேரத்தை இழக்கவைத்தது அந்தப் பிடித்தம் பற்றிய பயம்தான்.

உடனே சொல்ல வேண்டும் என்பதையே வங்கி விதியும் சொல்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. அவர் பக்கமோ வங்கியின் பக்கமோ தவறே இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் முதலில் வாயைத் திறப்பவருக்குத்தான் பாதுகாப்பு.

முசிறியைத் தொட்டு ஓடும் காவிரியில் கீழே போனால் வரும் கும்பகோணத்தில், நூற்றாண்டு கடந்த சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரியில் நடந்ததை எங்கள் உறுப்பினர்களிடம் அடிக்கடி சொல்கிறோம். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு மூன்று பரிமாற்றங்களை அனுப்பினார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அவர்கள் செய்த இன்னொரு வேலை, அந்த அமைப்போடு இணைந்திருந்த பிரிண்டரை முடக்கியது. ஒப்புதல் தாள் வராததை அங்கிருந்தவர்கள் ஏதோ இயந்திரக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு தொகை உடனே தடுக்கப்பட்டது, இன்னொன்றையும் நிறுத்த முடிந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பறிபோனபோதும் முதலில் கெட்டது பிரிண்டர்தான். வல்லுநர்கள் இருக்கும் வங்கியிலேயே இப்படி என்றால், முசிறியில் பில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் ஏமாந்ததைக் குற்றமாகப் பார்ப்பது அநியாயம். அன்றைய கணக்கை அன்றே ஒத்துப் பார்க்கும் பழைய பழக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் இதில் தெரிகிறது. சாயங்காலம் கல்லாவை எண்ணுகிறோம். வங்கிக் கணக்கையும் அதே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். பிரிண்டரோ நெட்டோ வழக்கத்துக்கு மாறாக நடந்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் கணக்கைப் பாருங்கள்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால், பெரும்பங்கு உரிமையாளருடையது என்பதே எங்கள் நிலைப்பாடு. ஏனென்றால் ஓட்டைகளை விட்டுவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்தும் அலுவலகத்தில் எதை யார் செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்சிக்காரர்களின் ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு நீள நோட்டிலோ, கணினித் திரையின் முகப்பிலேயே கிடக்கும் எக்செல் கோப்பிலோ இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் மேசை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, அந்தத் துண்டிலேயே பின் நம்பரையும் எழுதியிருப்பார்கள். அந்த டோக்கன் ஒருவரின் கையெழுத்து. சட்டத்தின் கண்ணில் பேனாவால் போட்ட கையெழுத்துக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. அதைப் பூட்டி வைக்க வேண்டும், பின் நம்பர் தனியே இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் உடையவரிடமே திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின் வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவருடைய லாகினை மூட வேண்டும். பாஸ்வேர்டுகளுக்கு நோட்டு வேண்டாம், அதற்கென்றே உள்ள பாஸ்வேர்டு மேனேஜர் செயலி போதும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். இவற்றில் எதுவும் ஊழியர் தானாகச் செய்யக்கூடியது இல்லை.

ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும் எங்களுக்குத் தனிக் கவலை. தாலுகா அலுவலகத்துக்கு வரும் ஒரு பெரியவர் பட்டா நகலையும் ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுப் பிரிண்ட் வாங்கிப் போகிறார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது. அந்தப் படங்கள் கடையின் போனிலும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும், அந்தப் போனோடு இணைந்த கணினியிலும் மாதக்கணக்கில் கிடக்கின்றன. அன்றன்று மாலை டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது எங்கள் உறுப்பினர் கடைகள் அனைத்திலும் இனிக் கட்டாயம். கடையின் வாட்ஸ்அப் எண்ணில் மறையும் செய்திகள் வசதியை 24 மணி நேரத்துக்கு வைக்கச் சொல்கிறோம். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை எங்கே ஏற்பார்களோ அங்கே அதையே பதிவிறக்கிக் கொடுக்க வேண்டும். தவறாக அச்சான தாளைப் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடாமல் கிழித்துப் போட வேண்டும்.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மக்களின் விவரங்களைக் காக்கும் கடமையை அந்தச் சட்டம் சுமத்துவது நிறுவனத்தின் மீது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் மீது இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஏபிகே என்று முடிந்தால் அது படமோ ஆவணமோ இல்லை, ஒரு செயலி. நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்களை அது படிக்கும், ஓடிபியும் அதற்குப் போய்ச் சேரும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள், அவர் போனே முதலில் பறிபோயிருக்கும். போன் செய்து கேளுங்கள்.

2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அது புகுந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பெரிதும் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதையே ஓட்டும் கணினியில் வங்கி வேலை செய்ய வேண்டாம். திருட்டு விண்டோஸ் போட்டுத் தரும் சர்வீஸ் கடைகளை எங்கள் உறுப்பினர்கள் இனி நாட மாட்டார்கள். டேலி கணக்கை வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும்.

பிடித்தம் இல்லை என்றால் ஊழியர்களுக்கு அலட்சியம் வந்துவிடும் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பயிற்சி கொடுத்த பிறகும் விதியை வேண்டுமென்றே மீறியவரை எச்சரிக்கலாம், பண வேலையிலிருந்து மாற்றலாம். ஆனால் ஏமாந்த அன்றே வந்து சொன்னவரை எந்த விதத்திலும் தண்டிக்கக் கூடாது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாடு பல வங்கிகளின் வணிகக் கணக்குகளில் இருக்கிறது. அலட்சியத்துக்குப் பயப்படும் உரிமையாளர் முதலில் அதைக் கேட்டு வாங்கட்டும்.

வங்கிக் கிளைகளிடம் ஒரு கோரிக்கை. புகாரோடு வருபவரை வரிசையில் நிறுத்தாதீர்கள். நேரம் குறித்த ரசீது உடனே கொடுங்கள். காவல் நிலையத்துக்குப் போய் வா என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

இந்த அறிக்கையைப் படிக்கும் உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இன்று ஒரு தாளில் 1930 என்று பெரிதாக எழுதுங்கள். கீழே உங்கள் போன் நம்பரையும், "எந்த நேரமானாலும் சொல்லுங்கள், சம்பளத்தில் பிடிக்க மாட்டேன்" என்ற வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊழியர்களின் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.