புகைப்பதை நிறுத்த ஒரு குறுஞ்செய்தி

சிகரெட்டை விட்டுவிடப் போகிறேன் என்று சபதம் எடுப்பவர்களுக்குத் தலைநகரில் பஞ்சமில்லை. சபதம் இரண்டு நாள் நிற்கிறது. மூன்றாம் நாள் மாலை ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு நிற்கையில், பான் கடை வாசலில் கலைந்துவிடுகிறது. அந்தச் சில நிமிஷங்களில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் நிலைமையே வேறு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு டில்லியில் நான்கு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு அந்த ஆள் இல்லை. உடன் இருக்கும் மூவரும் புகைப்பவர்கள்!

இந்தக் குறையைக் கைபேசி ஓரளவு தீர்க்க முடியும் என்பது வெறும் ஊகமன்று. பிரிட்டனில் 5,800 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து செய்திகள், அதன் பின் வாரத்துக்கு மூன்று. புகைக்கத் தவிப்பு எழுந்தால் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், உடனே பதில் வரும். ஆறு மாதம் கழித்து உமிழ்நீரையும் சோதித்துப் பார்த்ததில், புகையை விட்டிருந்தவர்கள் 10.7 சதவீதம். இந்தச் செய்திகள் கிடைக்காதவர்களில் 4.9 சதவீதம். நூற்றுக்குப் பதினொரு பேர்தானா என்று கேட்கலாம். மருந்தில்லை, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதில்லை; அப்படியும் பலன் இரு மடங்குக்கு மேல் என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் இதே வழியைக் கையாண்டது. 011-22901701 என்ற டில்லி எண்ணுக்கு ‘மிஸ்டு கால்’ கொடுத்தால் செய்திகள் வரத் தொடங்கும் என்று அறிவித்தது. அதே ஆண்டில், டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில், 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தொலைபேசி ஆலோசனையும் ஆரம்பமாயிற்று. ஆனால் செய்திகள் முதலில் வந்தவை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே. பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே இந்தி அறிந்த தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? 2018இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலிய நிலையங்களும் தொலைபேசி ஆலோசனையில் சேர்ந்த பிறகே தென்னக மொழிகளுக்கு வழி பிறந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் மீது இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் நம்மவர்களில் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறவர் கண்ணில் பெட்டியே படுவதில்லை. எண் கடைக்காரரிடம் தங்கிவிடுகிறது. சிகரெட்டை விட்டு கைனிக்கு மாறிவிட்டு, ‘நிறுத்திவிட்டேன்’ என்று கணக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மேற்சொன்ன உதவிகள் இரண்டும் கைனிக்கும் உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க அறிவிப்புப் பலகையிலும், நம்மவர் சாப்பிடும் மெஸ்களில் கல்லாவுக்கு மேலும் 1800-11-2356 என்ற எண்ணைத் தமிழில் எழுதி ஒட்டலாம்; செலவு ஒரு தாள்தான். அழைப்பவர்கள் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அமைச்சகமும், எந்த மொழியில் செய்தி வேண்டும் என்பதை முதல் செய்தியிலேயே கேட்டு, ஆபீஸ் விடும் வேளைக்குச் சற்று முன்பாக அதை அனுப்ப ஏற்பாடு செய்யட்டும்.