மெஷ்ஷைத் திட்டாதீங்க, ஒயரைப் பாருங்க

ரொம்ப நாளா மனசுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், சூடும் ஜாஸ்தி. ஒரு டம்ளர் மோரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

நெய்வேலியில இப்ப யார் வீட்டுக்குப் போனாலும் டிவி பக்கத்துல ஒண்ணு, பின் ரூம்ல ஒண்ணு, மாடி இருந்தா அங்க ஒண்ணுன்னு வெள்ளை வெள்ளையா டப்பா உட்கார்ந்திருக்கு. மெஷ் வைஃபையாம். நல்ல சமாச்சாரம்தான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்துல தலைமை டப்பா, மத்த ரூம்கள்ல அதுக்கு அடங்கின நோடுகள். நோடு தலைமையோட காத்து வழியாவும் பேசும், லேன் கேபிள் போட்டா அது வழியாவும் பேசும். அந்தப் பாதைக்கு பேக்ஹால்னு பேரு. என் சண்டை எல்லாம் இந்த பேக்ஹாலைப் பத்தித்தான்.

சண்டை யாரோடன்னு முதல்லயே சொல்லிடறேன். "சார், மெஷ் டல்லடிக்குதா? இன்னொரு நோடு வாங்கிப் போட்டுடுங்க, சரியாயிடும்" அப்படின்னு கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாம சொல்றாங்க பாருங்க, அவங்களோட. கேபிள் போட்டு இணைச்ச வீட்ல நெட் தகராறு பண்ணுதுன்னா பெரும்பாலும் குத்தம் டப்பா மேல இல்ல, கேபிள் மேலதான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காம அடுத்த டப்பாவை விக்கறது வைத்தியம் இல்ல, வியாபாரம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க சுரங்கத்தை விட நல்ல உதாரணம் உண்டா? பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் பூதம் மாதிரி நின்னு பழுப்பு நிலக்கரியை வெட்டித் தள்ளுது. வெட்டினது அனல் மின் நிலையத்துக்குப் போய்ச் சேர்றது கன்வேயர் பெல்ட்ல. பெல்ட் கிழிஞ்சு கிடக்கு, கரி வந்து சேரலைன்னா, "இன்னொரு எக்ஸ்கவேட்டர் வாங்குங்க"ன்னு எவனாவது சொல்லுவானா? சொன்னா ஷிஃப்ட் இன்ஜினியர் சும்மா விடுவாரா? ஆனா அதே இன்ஜினியர் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தப்புறம் மூணாவது நோடு வாங்கறாரு சாமி! நான் கண்ணால பார்த்தேன்.

அந்தக் கதையைச் சொல்றேன். அவர் பேர் வேண்டாம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு இந்திரா நகர் பக்கம் சொந்தமா வீடு கட்டினவர். மாடியில மக. சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே வேலை பார்க்குது. மீட்டிங் நடுவுல படம் உறைஞ்சு போவுது, குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது. மேலதிகாரி ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு, "இப்படியே போனா ஆபீஸுக்கு வந்துடும்மா"ன்னுட்டாராம். கைக்குழந்தையை வச்சிருக்கற பொண்ணு, எப்படிப் போகும்? மெஷ் போட்டுக் கொடுத்த ஆள் (எந்தக் கடைன்னு கேக்காதீங்க) மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும் சர்வீஸ் சார்ஜ் வாங்கினாரு, மூணாவது தடவை புது நோடையும் தலையில கட்டிட்டுப் போனாரு. மனுஷன் பென்ஷன் பணத்துல வாங்கினது.

நான் போய் மாடிக் கேபிளைக் கழட்டி லேப்டாப்ல சொருகினேன். வைஃபையை ஆஃப் பண்ணிட்டுத்தான். இது ரொம்ப முக்கியம், இல்லன்னா லேப்டாப் கமுக்கமா காத்து வழியா நெட் எடுத்துக்கிட்டு நம்மளை முட்டாளாக்கும். இணைப்பு வேகம் 100ன்னு காட்டுச்சு. கீழ தலைமைகிட்ட சின்ன கேபிள் போட்டுப் பார்த்தா 1000. அப்ப குத்தவாளி யாரு? நடுவுல போற ஒயர். முனையில இருந்த ஆர்.ஜே.45 கனெக்டரை லென்ஸ் வச்சுப் பார்த்தா நீலக் கம்பி பின்னைத் தொடவே இல்ல. வெட்டிட்டுப் புதுசா கிரிம்ப் பண்ணினேன். 1000 வந்துடுச்சு, உறையறதும் நின்னுச்சு. கனெக்டர் விலை ரெண்டு டீ காசு இருக்காது.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு விளக்கணும். லேன் கேபிளுக்குள்ள நாலு ஜோடி, ஆக எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (டாக்டர் படிப்பு இல்லீங்க, வேகம்) ரெண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 பின்கள். 1999ல வந்த கிகாபிட் முறைக்கு நாலு ஜோடியும் வேணும். நீலமோ பிரவுனோ அறுந்திருந்தா நிறைய கருவிகள் "சரி, கிடைச்சதை வச்சு ஓட்டுவோம்"னு 100க்கு இறங்கி நின்னுக்கும். சிலது லிங்க்கே எடுக்காது. தொடற மாதிரியும் தொடாத மாதிரியும் இருந்தா 1000, 100, துண்டிப்புன்னு மாறி மாறி ஆட்டம் காட்டும், அந்தப் பொண்ணோட மீட்டிங் மாதிரி. இறங்கி நின்ன லிங்க்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டா 94க்குப் பக்கத்துல வந்து நிக்கும். 100ல தலைப்புச் செலவெல்லாம் போக மிச்சம் அவ்வளவுதான். ஆக 200, 300ன்னு பிளான் போட்டுட்டு ஒரு ரூம்ல மட்டும் எப்பப் பார்த்தாலும் 94ன்னா, அது வைஃபை பிரச்சினையே இல்ல. வைஃபை ஏறும், இறங்கும், ஒரே நம்பர்ல தவம் பண்ணாது.

இதுக்குள்ள ஒரு சின்ன விதிவிலக்கு. ஸ்மார்ட் டிவிகள்ல பெரும்பாலானதுக்கு லேன் போர்ட்டே 100தான். டிவியில டெஸ்ட் போட்டு 94 வருதுன்னு கேபிளைப் பிடுங்கிப் போட்டுடாதீங்க.

அடுத்த அநியாயம், டெஸ்டர். ரெண்டு முனையிலயும் மாட்டினா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் பச்சை லைட் எரியுமே, அதேதான். "பாருங்க சார், எட்டும் எரியுது, கேபிள் பக்கா"ன்னு சத்தியம் பண்ணுவாங்க. அந்த லைட்டுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, கம்பி இந்த முனையில இருந்து அந்த முனை வரை போகுதா இல்லையா. அவ்வளவுதான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடின்னு அழகா வரிசையா அடுக்கி ரெண்டு பக்கமும் அதே மாதிரி கிரிம்ப் பண்ணினா எட்டும் எரியும். ஆனா விதிப்படி 3ம் 6ம் ஒரே ஜோடியா இருக்கணும். அடுக்கின கேபிள்ல 3 பச்சை ஜோடியில, 6 நீல ஜோடியில. ஜோடி ஜோடியா முறுக்கி வச்சிருக்கறதே ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுக்குப் போகாம இருக்கத்தான். ஜோடியைப் பிரிச்சுட்டா முறுக்கினதுக்கு அர்த்தமே இல்ல. பச்சை விளக்கு எரியும், நெட் நொண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்குங்க. ரெண்டு முனையிலயும் இதே வரிசை.

இப்ப என் வயித்தெரிச்சலோட மெயின் ஐட்டத்துக்கு வர்றேன். சி.சி.ஏ. கேபிள்! அலுமினியக் கம்பிக்கு மேல செம்பை மெல்லிசா பூசி, வெளியில கேட் சிக்ஸ்னு அச்சடிச்சு விக்கறாங்க. செம்புக் கேபிளை விட விலை ரொம்பக் கம்மி, அதனால கான்ட்ராக்ட் எடுக்கறவங்களுக்கு லட்டு. டி.ஐ.ஏ. 568 தரம் கேக்கறது செம்புக் கம்பி. சி.சி.ஏ. அதுல சேராது. மேல கேட் சிக்ஸ்னு எழுதினா மட்டும் ஆயிடுமா?

அலுமினியம் கெட்ட உலோகம்னு நான் சொல்லல. நம்ம நெய்வேலியில இருந்து கரண்ட் போற பெரிய டவர் லைன்ல ஓடறதே நடுவுல இரும்பு வச்ச அலுமினியம்தான். வெயிட் கம்மி, விலை கம்மி. கடத்தும் திறன் செம்புல சுமார் 61 சதவீதம்தான்னு தெரிஞ்சு, அதுக்குத் தக்கன தடிமனை ஏத்திப் போடறாங்க. அது கணக்குப் போட்டுச் செஞ்ச இன்ஜினியரிங். அரை மில்லிமீட்டர் கம்பியில அதே வேலையைக் காட்டினா? ரெண்டு தரம் வளைச்சா ஒடியும். கிரிம்ப் பண்ணின இடத்துல செம்புப் பூச்சு கிழிஞ்சு அலுமினியம் வெளிய வரும், காத்து பட்டு ஆக்சைடு படியும், தொடர்பு விட்டு விட்டு வரும். இன்னிக்கு 1000, அடுத்த மழைக்காலத்துல 100, அதுக்கடுத்து ஒண்ணுமில்ல. கேபிள் வழியாவே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினா சூடு வேற. 1956ல கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து மூணு தலைமுறையா மின்சாரத்தைச் சோறு மாதிரி தின்னு வளர்ந்த ஊருங்க இது. இங்கயே செம்புக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி சி.சி.ஏ. கட்டு கட்டா இறங்குதுன்னா வேற எங்க போய்ச் சொல்ல?

கண்டுபிடிக்கறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல. கம்பியை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். வீட்ல மல்டிமீட்டர் இருந்தா (நம்ம ஊர்ல இல்லாத வீடு எது?) ஒரு முனையில ஒரு ஜோடியை ஒண்ணா முறுக்கிட்டு மறுமுனையில ஓம் பாருங்க. தரப்படி ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓம் தாண்டக் கூடாது. 20 மீட்டர் கேபிள்னா போக வர 40 மீட்டர், நாலு ஓமுக்குள்ள வரணும். கேபிள் நீளம் சரியாத் தெரிஞ்சும் அஞ்சு, ஆறுன்னு காட்டினா கடைக்காரரைத் தேடிப் போங்க.

குவார்ட்டர்ஸ்ல இருக்கறவங்க கஷ்டம் தனி. வீடு கம்பெனியோடது, இஷ்டத்துக்குச் சுவரை இடிக்க முடியாது. அதனால கேபிள் ஜன்னல் வழியா போவும். ஜன்னல் கதவை தினம் ரெண்டு வேளை சாத்தினா கேபிள் நசுங்காம என்ன பண்ணும்? வெளியில போனா வெயில்ல மேல்தோல் வெடிக்கும், மாமரத்து அணில் வேற ருசி பார்க்கும். வென்டிலேட்டர் வழியா, வெயில் தாங்கற அவுட்டோர் கேபிளா போடுங்க. இடம் இல்லைன்னு 230 வோல்ட் ஒயர் போற குழாய்க்குள்ளயே லேன் கேபிளைத் திணிக்கற புண்ணியவான்களும் இருக்காங்க. உயிர் போற வேலை அது, தயவு செஞ்சு வேண்டாம்.

கேபிள் நல்லா இருந்தும் கோளாறுன்னா, மாட்டின வரிசையைப் பாருங்க. ஃபைபர் பெட்டி, அதுல இருந்து தலைமை டப்பா, அதுல இருந்து ஸ்விட்ச், ஸ்விட்ச்சுல இருந்து நோடுகள். தலைமை ரவுட்டர் மோடுல இருந்தா இதுதான் வரிசை. போர்ட் பத்தலைன்னு ஃபைபர் பெட்டிக்கு அடுத்தே ஸ்விட்ச்சை வச்சு, தலைமையையும் நோடையும் பக்கத்துப் பக்கத்துல சொருகிடறாங்க. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புல சமைக்கற மாதிரிதான். நோடு தலைமைக்குக் கீழ இல்லாம அதுக்கு மேல போய் உட்கார்ந்துடும், கேபிள் இருந்தும் காத்து வழியாவே பேசும். ஆப்ல போய் "ஒயர்டு"ன்னு காட்டுதா "வயர்லெஸ்"னு காட்டுதான்னு பாருங்க, குட்டு வெளிப்படும். ஒரே நோடோட ரெண்டு போர்ட்டையும் ஒரே ஸ்விட்ச்சுல சொருகினா அது வேற திருவிழா, எல்லா லைட்டும் படபடன்னு அடிச்சுக்கிட்டு மொத்த வீடும் படுத்துடும். லேப்டாப்புக்கு 169.254ன்னு ஆரம்பிக்கற முகவரி வந்தா, முகவரி கொடுக்க வேண்டிய ரவுட்டர்கிட்ட இருந்து பதிலே வரலைன்னு அர்த்தம்.

"வைஃபையே இப்ப அவ்வளவு வேகமா வருதே, ஒயர் எதுக்கு?"ன்னு சிலர் கேக்கறாங்க. காத்து பொதுச் சொத்துங்க. ஒரே ரேடியோவுல போனுக்கும் பதில் சொல்லி, தலைமைக்கும் கடத்தினா வேகம் பாதியாத்தான் ஆகும். செங்கல் சுவர் ரெண்டு தாண்டினா 5 கிகாஹெர்ட்ஸ் மூச்சு வாங்கும். தமாஷ் என்னன்னா, 1973ல ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டுக்கு யோசனை எடுத்ததே ஹவாயில ரேடியோவுல ஓடின அலோஹாநெட்டைப் பார்த்துத்தான். காத்துல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்னு பார்த்துட்டுத்தான் மனுஷன் ஒயருக்கு வந்தாரு. நாம திரும்ப அங்கயே போறோம்.

டப்பாக்காரங்களையும் சும்மா விட முடியாது. அட்டைப் பெட்டியில ஏசி1200ன்னு ஆனை சைஸ்ல போட்டுட்டு, உள்ள லேன் போர்ட் 10/100 வச்ச விலை குறைஞ்ச மெஷ்கள் வந்திருக்கு. அதுக்குத் தங்கத்துல கேபிள் இழுத்தாலும் 94தான். நிறைய ஃபைபர் பெட்டிகள்லயும் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மத்தது 100. வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியோட பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிங்க. முன்பக்கத்துல எழுதறது விளம்பரக்காரன்.

கடைசியா ஒண்ணு. வீட்ல இருந்து அவுட்ஹவுஸுக்கு, தோட்டம் தாண்டி செம்புக் கேபிள் இழுத்திருக்கறவங்க ஐப்பசி வர்றதுக்குள்ள அதைப் பிடுங்கிட்டு ஃபைபரா மாத்திடுங்க. இடி பக்கத்துல எங்கயாவது இறங்கினாலே அந்தக் கேபிள்ல பாயற மின்சாரம் ரெண்டு பக்கத்துப் போர்ட்டையும் காலி பண்ணிடும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப டவுன்ஷிப் மரங்கள் எப்படிச் சாய்ஞ்சுதுன்னு பார்த்தவங்களுக்கு, மரத்துல கட்டின ஒயரோட கதி பத்திச் சொல்லத் தேவையில்ல.

பி.கு: புதுசா கேபிள் வாங்கப் போறவங்க பாக்கெட்ல ஒரு பிளேடை எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் முன்னாடியே ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்க. முறைச்சாருன்னா மெயின் பஜார்ல வேற கடை இருக்கு. வர்ட்டா?