பண்ணை மீனின் தீவனத்தில் என்ன கலக்கிறார்கள்?

தேக்கா ஈரச்சந்தையில் கொடுவா மீனைப் பார்த்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, “பண்ணை மீனா, கடல் மீனா?” என்பதுதான். பண்ணை மீன் என்றாலே மருந்து போட்டு வளர்த்தது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது.

அந்த எண்ணம் எவ்வளவு சரி என்று பார்க்க வேண்டிய நேரம் இது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்யும் இலக்கை சிங்கப்பூர் 2025 நவம்பரில் மாற்றியமைத்தது. 2035க்குள் புரத உணவில் 30 விழுக்காடு உள்ளூரிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது புதிய இலக்குகளில் ஒன்று. புரதம் என்று இங்கே குறிக்கப்படுவது முட்டையும் கடலுணவும். முட்டை உற்பத்தி பரவாயில்லை. கடலில் மிதக்கும் மீன் பண்ணைகளின் எண்ணிக்கைதான் குறைந்துவருகிறது.

மீன் வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனத்துக்குத்தான். மொத்தச் செலவில் பாதியை அதுவே விழுங்கிவிடும். முன்பெல்லாம் விலைபோகாத சிறு மீன்களை வெட்டிப் போடுவார்கள். மலிவுதான், ஆனால் கொடுவா ஒரு கிலோ எடை கூட நான்கு கிலோவுக்கு மேல் தேவைப்படும். மிச்சம் மீதி தண்ணீரைக் கெடுக்கும். பச்சை மீன் சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி வேறு இருக்கிறது. வயிறு நிறைய உண்டும் சத்துக் குறைவால் மீன் நோயில் விழுவது இப்படித்தான்.

அதனால்தான் குருணைத் தீவனமும் அதில் கலக்கும் சத்துகளும் வந்தன. நம்மைப் போலவே பெரும்பாலான மீன்களாலும் வைட்டமின் சி-யைத் தாமே உருவாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் குஞ்சுகளின் முதுகெலும்பு வளைந்துவிடும், காயம் ஆறாது. சாதாரண வைட்டமின் சி தீவனம் தயாரிக்கும் சூட்டிலேயே பெரிதும் அழிந்துவிடுவதால், சூடு தாங்கும் வடிவில் சேர்க்கிறார்கள். அப்படியும், நம் ஊர் வெக்கையில் மூட்டையை மாதக்கணக்கில் மிதவையில் வைத்திருந்தால் காசு கொடுத்து வாங்கிய சத்து காற்றில் போய்விடும்.

தீவனத்தின் அடிப்படையே மாறிவருவது இன்னொரு காரணம். 2023ல் பெரு நாட்டில் நெத்திலி இனமீன் பிடிக்கும் முதல் பருவம் ரத்தானபோது உலகெங்கும் மீன்தூள் விலை எகிறியது. மாற்றாக சோயா சேர்த்தால் மெத்தியோனின், டாரின் ஆகியவை குறைந்துவிடும். கொடுவா போன்ற ஊனுண்ணி மீன்களுக்கு அவற்றைத் தனியே சேர்க்காவிட்டால் வளர்ச்சி மந்தமாகும்.

இவற்றில் எதுவும் மருந்து அல்ல. கவலைப்பட வேண்டியது நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பற்றித்தான். அவற்றை அளவின்றிக் கொடுத்தால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும், பாதிப்பு மனிதர்களுக்கும் வரும். விலங்குகளை வேகமாக வளர்ப்பதற்காக அவற்றைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே தடை செய்தது.

அந்தத் தேவையைக் குறைக்கத்தான் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கன், பேசில்லஸ் வகை நன்மை தரும் நுண்ணுயிர்கள் ஆகியவை பயன்படுகின்றன. முன்னது நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும். பின்னது குடலில் செரிமானத்துக்கு உதவி, கெட்ட கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்யும். ஆனால் ஒரு பண்ணையில் கிடைத்த பலன் அடுத்த பண்ணையில் கிடைக்கும் என்ற உறுதியில்லை. மீனின் வயது, தண்ணீரின் வெப்பம், கொடுக்கும் அளவு எல்லாம் கணக்கில் வரும். அளவு கூடினால் நல்லது என்பதும் தவறு. வைட்டமின் ஏ மிகுந்தால் மீனுக்கு அதுவே நஞ்சு.

தீவனத்தால் ஆகாத காரியமும் உண்டு. 2015ல் ஜோகூர் நீரிணையில் நுண்பாசி பெருகியபோது 500 டன்னுக்கும் அதிகமான மீன்கள் செத்து மிதந்தன. எந்தச் சத்து மாவும் அவற்றைக் காப்பாற்றியிருக்காது. தண்ணீரைக் கட்டுப்படுத்தும் மூடிய தொட்டிகளுக்குச் சில பண்ணைகள் மாறியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம். அதற்கான முதலீடு சிறு பண்ணையாளர்களின் கைக்கு எட்டாதது.

அவர்களிடம் மிஞ்சியிருப்பது தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே. தரமான தீவனத்துக்குக் கூடுதலாகச் செலவழித்து வளர்த்த உள்ளூர்க் கொடுவாவும், எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் இறக்குமதியாகும் கொடுவாவும் சந்தையில் ஒரே பனிக்கட்டிப் பெட்டியில்தான் கிடக்கின்றன. நாம் விலையை மட்டும் கேட்டு வாங்கும்வரை, அடுத்த மூட்டை வாங்கும்போது பண்ணையாளரும் விலையைத்தான் பார்ப்பார்.