"டூர் வரப் பணம் இல்லை!" என்றது இசைக்குழு... 60,000 டாலர் திரட்டிய ரசிகர்கள்! - 'மரில்லியன்' கதை

பிரிட்டனில் 1985-க்கு முன்பு 'கேய்லி' என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தவர்கள் அபூர்வம். அதன் பிறகு ஊருக்கு நாலு கேய்லி! அந்த வருடம் வெளியான ஒரு பாட்டுதான் காரணம். ஒரு பாடகர் தன் முன்னாள் காதலியின் பெயரைக் கொஞ்சம் மாற்றி, அவரிடம் மன்னிப்பு கேட்பதுபோல எழுதிய பாட்டு அது. பிரிட்டன் தரவரிசையில் 2-ம் இடம் வரை போனது. அது இடம்பெற்ற 'மிஸ்பிளேஸ்டு சைல்டுஹுட்' ஆல்பம் முதலிடத்தையே பிடித்தது.

அந்தக் குழுவின் பெயர் மரில்லியன். இன்றைக்கும் பிரிட்டனில் பலர், "ஓ... அந்த 'கேய்லி' பாடினவங்களா? இன்னும் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்களை இருக்க வைத்தவர்கள் அவர்களின் ரசிகர்கள். அதுதான் இந்த வாரக் கதை.

தப்பான நேரத்தில் பிறந்த குழு

முதலில் 'புரோகிரசிவ் ராக்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு இவர்களுக்குப் போதாது. ஒரு பாட்டு 10 நிமிடம் ஓடும், 20 நிமிடமும் ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும். சில ஆல்பங்கள் முழுக்க ஒரே கதை. பிங்க் ஃபிளாய்டு, ஜெனிசிஸ், யெஸ் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் 1970-களில் இதில் கொடிகட்டிப் பறந்தன.

அந்த அலை ஓய்ந்து, 'பங்க்' இசை வந்து, "இனிமேல் நீளமான பாட்டெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று இசைப் பத்திரிகைகள் கிண்டலடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1979-ல் தொடங்கப்பட்டது இந்தக் குழு. ஊர், லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் எய்ல்ஸ்பரி. டோல்கீன் எழுதிய 'சில்மரில்லியன்' புத்தகத்தின் பெயரையே முதலில் வைத்துக்கொண்டார்கள். பிறகு முன்னால் இருந்த 'சில்' போய், மரில்லியன் ஆனது.

1981-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார் பாடகர் ஃபிஷ். நல்ல உயரம், முகத்தில் வண்ணப்பூச்சு, நாடகம்போலப் பாடும் பாணி. 1983-ல் முதல் ஆல்பம், 1985-ல் உச்சம். 1988-ல் ஃபிஷ் விலகிவிட்டார். குழுவின் முகமே போய்விட்ட நிலையில், "இதோடு கதை முடிந்தது" என்று நினைத்தவர்கள் அதிகம்.

அடுத்த வருடமே ஸ்டீவ் ஹோகார்த் என்ற பாடகர் வந்தார். ஃபிஷ்ஷின் குரலுக்கும் இவர் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பாடகரை அப்படியே நகலெடுக்க ஆள் தேடாமல், வேறு மாதிரியான ஒருவரைப் பிடித்தது துணிச்சலான முடிவு. அதை ஏற்றுக்கொள்ளாமல் போன ரசிகர்களும் உண்டு. ஆனால் ஹோகார்த், கிடாரிஸ்ட் ஸ்டீவ் ராத்தரி, கீபோர்டு மார்க் கெல்லி, பேஸ் கிடார் பீட் ட்ரெவாவஸ், டிரம்ஸ் இயான் மோஸ்லி என்ற இந்த ஐந்து பேர் கூட்டணி 1989-லிருந்து இன்றுவரை மாறவில்லை. கூட்டுக் குடும்பங்களே இத்தனை வருடம் தாக்குப்பிடிப்பதில்லை!

ஒரு பாலம்... ஒரு பெண்...

இந்த ஐவரின் உழைப்பில் ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆல்பம் ஒன்று உண்டு. 1994-ல் வந்த 'பிரேவ்'. இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்தில் ஓர் இளம்பெண் தனியாக நிற்கிறார். போலீஸ் விசாரித்தால், தான் யார் என்று சொல்லவில்லை. பேசவே இல்லை. ரேடியோவில் கேட்ட இந்தச் செய்தி ஹோகார்த் மனதில் தங்கிவிட்டது. 'அந்தப் பெண் எந்த வீட்டிலிருந்து வந்திருப்பாள்? என்ன நடந்திருக்கும்?' என்று கற்பனை செய்து, ஆல்பம் முழுக்க ஒரே கதையாகச் சொன்னார்கள்.

இதன் இசைத்தட்டில் ஒரு விளையாட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு தனித்தனிக் கோடுகள். ஊசி எந்தக் கோட்டில் போய் உட்கார்கிறதோ, அதைப் பொறுத்துக் கதையின் முடிவு மாறும். ஒரே தட்டு, இரண்டு க்ளைமாக்ஸ்!

பிரான்ஸில் ஒரு பழைய கோட்டையில் தங்கி, மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய ஆல்பம். ஆனால் ஈ.எம்.ஐ நிறுவனம் எதிர்பார்த்த 'இன்னொரு கேய்லி' அதில் இல்லை. 1995-ல் வெளியான அடுத்த ஆல்பத்தோடு ஈ.எம்.ஐ ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. குழு ஒரு சிறிய நிறுவனத்துக்கு மாறியது. ரேடியோவில் பாட்டு வராது, டி.வி-யில் முகம் தெரியாது. பத்திரிகைகளோ, எழுதினால் கிண்டல், இல்லையென்றால் மௌனம்.

"நாங்க வரலை!"

இந்தச் சமயத்தில்தான் இணையம் மெல்ல வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. டெலிபோன் வயரில் இணைப்பு, 'கீங்... கீங்...' சத்தம் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலம். மரில்லியன் ரசிகர்கள் மின்னஞ்சல் வழியாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி, அந்தப் பேச்சை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பேச்சில் கலந்துகொண்டார்.

1997-ல் புது ஆல்பம் வந்தது. "அமெரிக்காவுக்கு எப்போ வருவீங்க?" என்று கேட்டார்கள் அங்கிருந்த ரசிகர்கள். கெல்லி சுற்றி வளைக்கவில்லை. அமெரிக்கா பெரிய நாடு. பஸ், ஹோட்டல், இசைக்கருவிகள், உதவியாளர்கள் என்று செலவு எகிறும். டிக்கெட் வசூல் அதற்கு ஈடுகொடுக்காது. பெரிய கம்பெனியில் இருந்தபோது அந்த நஷ்டத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அதற்கு ஆள் இல்லை. ஏறக்குறைய 60,000 டாலர் துண்டு விழும். அதனால் வரமுடியாது.

வழக்கமாக இந்த இடத்தில் ரசிகர்கள் வருத்தப்படுவார்கள், இரண்டு நாள் புலம்புவார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். இங்கே ஒரு ரசிகர், "அந்தப் பணத்தை நாமே போட்டால் என்ன?" என்று கேட்டார். இன்னொருவர் வங்கிக் கணக்கு தொடங்கினார். ஆளுக்கு முடிந்ததை அனுப்பினார்கள். இதில் இசைக்குழுவுக்கு எந்தப் பங்கும் இல்லை. ரசிகர்களே திரட்டி, ரசிகர்களே கணக்கு வைத்துக்கொண்டார்கள். சுமார் 60,000 டாலர் சேர்ந்தது!

கவனியுங்கள், இது டிக்கெட் கட்டணம் இல்லை. குழு வருவதற்கான வழிச்செலவு. யாரென்றே தெரியாத, நேரில் பார்த்தே இராத ஒருவரின் பேச்சை நம்பிப் பணம் அனுப்புவது இன்றைக்கே யோசிக்க வைக்கும் விஷயம். இணையத்தில் ஒரு புத்தகம் வாங்கவே பலரும் தயங்கிய காலத்தில் அது நடந்தது. 1997-ல் மரில்லியன் அமெரிக்கா போனது.

எழுதாத பாட்டுக்கு அட்வான்ஸ்

அந்தச் சம்பவம் ஐவரையும் யோசிக்க வைத்தது. 'நம்மை ரேடியோவுக்குத் தெரியாது. ஆனால் நம்மைத் தெரிந்தவர்களின் முகவரி நம் கையில் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கம்பெனி?'

அடுத்த ஆல்பத்துக்குப் புது ஒப்பந்தம் தேடி அலைவதற்குப் பதிலாக, தங்களிடம் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு ஒரு கேள்வியை அனுப்பினார்கள். "ஆல்பத்தை நாங்கள் உருவாக்குவதற்கு முன்பே நீங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வீர்களா?" குவிந்த பதில்கள் எல்லாம் 'சரி' என்றன. 12,000-க்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் பாட்டு எழுதி, பதிவு செய்து, 2001-ல் வெளியானது 'அனோரக்னோஃபோபியா'.

பெயரிலேயே குறும்பு. 'அனோரக்' என்பது ஒருவகை மழைக்கோட்டு. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பைத்தியமாகத் திரிபவர்களையும் பிரிட்டனில் 'அனோரக்' என்று கேலி செய்வார்கள். மரில்லியன் ரசிகர்களுக்கும் அந்தப் பட்டம்தான். அதையே ஆல்பத்தின் பெயரில் தூக்கி வைத்துவிட்டது குழு.

விமர்சகர்களுக்கும் ஒரு சவால் விட்டார்கள். 'புரோகிரசிவ் ராக்', 'ஜெனிசிஸ்', 'ஃபிஷ்' போன்ற சில வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, "இவற்றைப் பயன்படுத்தாமல் விமர்சனம் எழுதுங்கள், பார்க்கலாம். பயன்படுத்தினால் நீங்கள் ஆல்பத்தைக் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்வோம்" என்ற அர்த்தத்தில் கடிதம் அனுப்பினார்கள்!

2004-ல் அடுத்த ஆல்பமான 'மார்பிள்ஸ்'. இதற்கும் ரசிகர்கள் முன்பணம் கொடுத்தார்கள். முன்கூட்டியே பதிவு செய்தவர்களின் பெயர்களை ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டார்கள். அதிலிருந்து வந்த 'யூ'ர் கான்' என்ற பாட்டு பிரிட்டன் தரவரிசையில் 7-ம் இடம் பிடித்தது. 17 வருடங்களுக்குப் பிறகு, முதல் பத்துக்குள் வந்த மரில்லியன் பாட்டு.

'கிரவுடு ஃபண்டிங்' என்ற வார்த்தை இன்று எல்லோருக்கும் தெரியும். மருத்துவச் செலவு முதல் சினிமா வரை அப்படித் திரட்டுகிறார்கள். அதில் புகழ்பெற்ற 'கிக்ஸ்டார்ட்டர்' தொடங்கியது 2009-ல். மரில்லியன் ரசிகர்கள் அதற்கு 12 வருடம் முந்திவிட்டார்கள்!

நம்பிக்கை என்பது இரண்டு பக்கமும்

ரசிகர் பணம் என்றால் எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. இசைக்கலைஞர்களுக்கு இதே முறையில் பணம் திரட்டித் தந்த 'பிளெட்ஜ்மியூசிக்' நிறுவனம் 2019-ல் திவாலானது. ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. கொடுத்தவருக்கும் நஷ்டம், வாங்க வேண்டியவருக்கும் நஷ்டம். நடுவில் இருந்தவரிடம் நம்பிக்கை உடைந்துபோனது.

மரில்லியன் விஷயத்தில் அது ஏன் உடையவில்லை? கேட்டதைக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. நெருக்கமாக இருந்தார்கள் என்பது இன்னொன்று. 2002-லிருந்து 'மரில்லியன் வீக்எண்ட்' என்று மூன்று நாள் திருவிழா நடத்துகிறார்கள். நெதர்லாந்தில் கடலோர விடுமுறைக் குடில்களில் குடும்பம் குடும்பமாக ரசிகர்கள் தங்குவார்கள். மூன்று இரவும் கச்சேரி. ஒவ்வோர் இரவும் வெவ்வேறு பாட்டு. கனடாவின் மான்ட்ரியல் போன்ற ஊர்களிலும் நடக்கிறது. இதில் ஒரு கலகலப்பான பகுதி உண்டு. குழுவில் ஒருவர் இறங்கிக்கொள்ள, அவர் இடத்தில் ஒரு ரசிகர் மேடையேறி, மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பார். வீட்டில் தனியாக வருடக்கணக்கில் பயிற்சி செய்த பாட்டை, அதை உருவாக்கியவர்களோடே நின்று வாசிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன விலை வைக்க முடியும்?

மறுபடியும் ஒரு சோதனை

2021. கொரோனா கொஞ்சம் தணிந்து, கச்சேரிகள் மெல்லத் தொடங்கிய நேரம். பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்குத் தயாரானது மரில்லியன். ஒரு சிக்கல். ஐவரில் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் மொத்தப் பயணமும் ரத்து. கட்டிய பணமெல்லாம் போய்விடும். இதற்குக் காப்பீடு தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. ஆபத்தில் இருந்த தொகை சுமார் 1,50,000 பவுண்டு.

குழு மறுபடியும் ரசிகர்களிடமே போனது. "நீங்களே எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியாக இருப்பீர்களா?" பணம் பொதுவான ஒரு கணக்கில் பத்திரமாக இருக்கும். தொற்றால் பயணம் நின்றுபோனால் நஷ்டத்துக்குப் போகும். நல்லபடியாக முடிந்தால் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். இதுதான் ஏற்பாடு. ரசிகர்கள் இந்த முறையும் கைவிடவில்லை. நவம்பரில் மேடையேறியது மரில்லியன்.

அடுத்த மார்ச்சில், 2022-ல் புது ஆல்பம் 'ஆன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்'. அதன் கடைசிப் பாட்டு 'கேர்', கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் உழைத்தவர்களை வணங்கி முடிகிறது. பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் அது 2-ம் இடம். 1987-க்குப் பிறகு அவர்களுக்கு இவ்வளவு உயரம் வாய்த்ததில்லை. ஐவருமே அறுபதைக் கடந்திருந்தார்கள்.

எங்கே தொடங்கலாம்?

இதுவரை மரில்லியன் பெயரையே கேள்விப்படாதவர்கள், முதலில் 'கேய்லி' கேளுங்கள். சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அடுத்து 1989-ன் 'ஈஸ்டர்', ராத்தரியின் கிடாருக்காக. பிறகு 'எஸ்டோனியா'. 1994-ல் பால்டிக் கடலில் 852 பேரோடு மூழ்கிய கப்பலை நினைத்து எழுதியது. ஆரவாரமே இல்லாத அஞ்சலி. பொறுமை உள்ளவர்கள் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'பிரேவ்' ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். நடுவில் போனை எடுக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை!

பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் ஒன்று. ஊரே மறந்துவிட்ட ஒருவரைப் பத்துப் பேர் மறக்காமல் இருந்தால், அவர் தொலைந்துபோவதில்லை. உங்களுக்கும் அப்படி, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு பாடகரோ, ஒரு குழுவோ நிச்சயம் இருக்கும். இன்றைக்கு அவருடைய பாட்டு ஒன்றை நண்பருக்கு அனுப்பிவையுங்கள். மரில்லியன் ரசிகர்களும் ஒரு மின்னஞ்சலில்தான் தொடங்கினார்கள்.